நான்கு வாரக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

புதிய தள்ளுபடியைத் தொடங்கிய நான்கு வாரங்களில் லாபம் கூடியிருக்கிறது, இதை ஆண்டு முழுவதும் தொடரலாமா என்று கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதே சிக்கல்தான், டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் மதுபான ஆலையில் 1899-இல் வேலைக்குச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் சீலி காசெட்டுக்கும் இருந்தது. பார்லி பயிரைச் சோதித்துப் பார்க்க ஒரு பருவம் முழுவதும் காத்திருக்க வேண்டும் என்பதால், அவர் கையில் எப்போதும் சில அளவீடுகளே இருந்தன. அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கான அளவீடுகளை எதிர்பார்த்தது.

சராசரியையும், அளவீடுகள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தையும் பள்ளியிலேயே படித்திருப்போம். திட்டவிலக்கத்தை அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது திட்டப்பிழை. சராசரிக்கு இருபுறமும் அதைப்போல் 1.96 மடங்கு தள்ளி எல்லை வகுத்தால், 95 சதவீத நம்பிக்கை கிடைக்கும் என்பது, மணி வடிவ வளைவாக அமையும் இயல்நிலைப் பரவல் தரும் விதி.

அந்த விதியில் மறைந்திருந்த ஓட்டையைத்தான் காசெட் கண்டார். உண்மையான திட்டவிலக்கம் நமக்குத் தெரியாது. அதையும் அதே நான்கு எண்களிலிருந்துதான் கணிக்கிறோம். அந்த நான்கும் தற்செயலாக ஒன்றுக்கொன்று நெருங்கி அமைந்துவிட்டால், ஏற்ற இறக்கமே இல்லாததுபோலத் தோன்றி, கணக்கு தன் பிழையைத் தானே குறைத்துக் காட்டிவிடும். இதைச் சரிபார்க்க அவர் செய்த வேலை என்னை இன்றும் மகிழ்விக்கிறது: 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 குழுக்களுக்கும் தனித்தனியே சராசரியும் விலக்கமும் கணக்கிட்டார். கணினி இல்லாத காலத்தில் நடந்த இந்தச் சோதனை, மணி வடிவ வளைவைவிட ஓரங்கள் தடித்த வேறொரு வளைவை, அவர் கணிதத்தால் வருவித்தபடியே, உறுதிசெய்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அது வெளியானது.

அந்த வளைவின்படி நான்கு அளவீடுகளுக்கு 1.96 போதாது, 3.18 வேண்டும், பத்து அளவீடுகளுக்கு 2.26, முப்பதுக்கு 2.05. வாசகரின் கடையில் வாரந்தோறும் கூடிய லாபம் 2, 14, 5, 11 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8,000, திட்டப்பிழை ஏறக்குறைய 2,740. பழைய விதி, உண்மையான கூடுதல் 2,600-க்கும் 13,400-க்கும் இடையில் இருக்கும் என்று சொல்லி, லாபம் உறுதி என்ற எண்ணத்தைத் தரும். காசெட்டின் விதியோ 700 ரூபாய் நட்டத்திலிருந்து 16,700 ரூபாய் லாபம் வரை எதுவும் இருக்கலாம் என்கிறது. அதே எண்கள்தான், முடிவு மட்டும் மாறிவிட்டது.

ஆலை நிர்வாகம் காசெட்டை 1906-இல் லண்டனுக்கு, புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் ஆய்வகத்துக்கு, படிக்க அனுப்பியது. வண்ண வரைபடம் காட்டும் மென்பொருளுக்குத் தாராளமாகச் செலவிடும் நம் நிறுவனங்கள், ஓர் ஊழியரை இப்படிப் படிக்க வைக்க ஏன் தயங்குகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, முடிவு தவறினால் எவ்வளவு பணம் போகும் என்பதைப் பொறுத்தது என்றும் காசெட் கருதினார். தள்ளுபடியை எந்த வாரமும் நிறுத்திக்கொள்ளலாம் என்றால், இந்த நான்கு வாரக் கணக்கே அதை இன்னும் ஆறு வாரம் நீட்டிப் பார்க்கப் போதும். ஆண்டு முழுவதற்கும் சரக்குக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தால் போதாது.