தடித்த எழுத்தில் வராத எண்

இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்குமே ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது. முதலாமவருக்கு வயது 40. எஸ்ஜிபிடி 81 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருக்கிறது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. இரண்டாமவருக்கு வயது 64. எஸ்ஜிபிடி 36. எங்கும் அம்புக்குறி இல்லை. அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். ஆனால் மருத்துவர் அதிகம் யோசிக்க வேண்டியது இரண்டாமவரைப் பற்றித்தான்.

எஸ்ஜிபிடி (ஏஎல்டி என்றும் அச்சிடுவார்கள்) கல்லீரல் செல்லுக்குள் வேலை செய்யும் நொதி. செல் நைந்தால் அது ரத்தத்தில் கசிகிறது. கசிந்ததில் பாதி ஏறக்குறைய இரண்டு நாளில் மறைந்துவிடும். ஆகவே இந்த எண் அண்மைய சில நாள்களின் கசிவைத்தான் காட்டுகிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த சேதத்தை அல்ல. கொழுப்பு நிறைந்தும் கசியாத கல்லீரல்கள் ஏராளம். சேதமான இடங்களில் கல்லீரலுக்குள் விழும் தழும்பு முற்றும்போது எஸ்ஜிபிடி இறங்கி, நோய் குணமாவதுபோல ஏமாற்றுவதும் உண்டு.

அச்சடித்த வரம்பையும் முழுதாக நம்ப வேண்டாம். 40, 50 என்று ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. ஆரோக்கியமானவர்கள் என்று கருதி அளக்கப்பட்டவர்களிலேயே, கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரியாதவர்கள் பலர் கலந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்று மேல்வரம்பைக் குறைத்தது. அந்தக் கணக்கில் நம் 36கூட அதிகம்தான்.

எஸ்ஜிஓடி (ஏஎஸ்டி) என்ற இன்னொரு நொதி கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும்கூட இருக்கிறது. முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்தாலே ஏறிவிடும். ஆகவே தனியாகப் பார்ப்பதைவிட எஸ்ஜிபிடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கொழுப்புக் கல்லீரலின் தொடக்கத்தில் பொதுவாக எஸ்ஜிபிடிதான் உயர்ந்திருக்கும். தழும்பு கூடக்கூட எஸ்ஜிஓடி அதை எட்டிப்பிடித்து முந்தும். இரண்டு மடங்குக்கு மேல் முந்தினால் மதுவின் மீது சந்தேகம் விழும். இந்த விகிதத்தை 1957இல் கவனப்படுத்தியவர் இத்தாலியரான ஃபெர்னாண்டோ டி ரிட்டிஸ்.

எனக்குப் பிடித்த துப்பு கல்லீரல் பக்கத்திலேயே இருப்பதில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை அச்சான வேறொரு தாளில் இருக்கிறது. அதுதான் தட்டணு (பிளேட்லெட்). தழும்பேறிய கல்லீரல் இறுகிப்போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் எளிதாக நுழைய முடியாமல் தேங்கி, மண்ணீரலை வீங்க வைக்கிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் பெரும்பாலும் கல்லீரலே என்பதால், அந்த வரவும் குறைகிறது.

இவற்றை ஒன்றாகக் கோத்துத் தழும்பை மதிப்பிடுவதுதான் ஃபிப்-4 கணக்கு. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் முன்னதை வகுக்க வேண்டும். முதலாமவரின் எஸ்ஜிஓடி 45, தட்டணு 2,50,000 என்றால் விடை 0.8. இரண்டாமவருக்கு எஸ்ஜிஓடி 39, தட்டணு 1,60,000, விடை 2.6. அவருடைய எண்கள் எல்லாமே அச்சடித்த வரம்புக்குள் இருந்தவை என்பதைக் கவனியுங்கள்.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டது தெளிவில்லாத பகுதி. வயதே கணக்கில் பெருக்கப்படுவதால் 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 என்று வைக்கிறார்கள். 35க்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானதல்ல.

கல்லீரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமின், அது வெளியேற்றும் மஞ்சள் நிறமியான பிலிருபின் இரண்டும் கல்லீரலின் உண்மையான வேலைத்திறனைச் சொல்பவை. ஆனால் கல்லீரல் கடைசிவரை சமாளிக்கும் உறுப்பு என்பதால், அவை மாறும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். சர்க்கரையும், ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடும் கல்லீரலில் கொழுப்பு ஏன் சேர்ந்தது என்பதற்கான துப்புகள். தழும்பைப் பற்றி அவை பேசுவதில்லை.

முதலாமவரின் 81ஐயும் அலட்சியப்படுத்தக் கூடாது. மஞ்சள்காமாலை வைரஸ், மாத்திரைகள், மது போன்ற காரணங்களை விலக்கிவிட்டு, உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அந்த எண் பெரும்பாலும் இறங்கும். இரண்டாமவருக்கு அடுத்த படி, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.