'போ' இல்லாமலே போன ஆங்கிலம்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகி அருமையான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஜெர்மனில் 'நான் வீட்டுக்குப் போக வேண்டும்' என்பதற்கு 'இஷ் முஸ் நாஹ் ஹவுஸெ' என்றாலே போதுமாம். 'முஸ்' என்பது ஆங்கில 'மஸ்ட்'. 'நாஹ் ஹவுஸெ' என்றால் வீட்டுக்கு. 'போ' என்ற வினையே வாக்கியத்தில் கிடையாது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம்தானே, பிறகு ஏன் ஆங்கிலத்தில் 'ஐ மஸ்ட் டு சென்னை' என்று சொன்னால் தப்பு என்கிறார்கள்? இதுதான் கேள்வி.

ஆங்கிலத்திலும் அது ஒரு காலத்தில் சரிதான். பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் நாயகன் சாகும் முன் கடைசியாகச் சொல்வது 'இக் ஹிம் ஆஃப்டர் ஷால்'. தன் உறவினர் எல்லோரையும் விதி கொண்டுபோய்விட்டது, நானும் அவர்கள் பின்னே போயாக வேண்டும் என்கிறான். 'இக்' நான், 'ஹிம் ஆஃப்டர்' அவர்கள் பின்னே, கடைசியில் இன்றைய 'ஷல்'லின் மூதாதை. அங்கேயும் 'போ' இல்லை. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் தாயிடம் 'ஐ மஸ்ட் டு இங்கிலாந்து' என்கிறான். உண்மை ஒருநாள் வெளியே வரும் என்பதற்கு ஆங்கிலேயர் இன்றும் 'ட்ரூத் வில் அவுட்' என்கிறார்கள். 'அவுட்' வினையடைதான். 'வில்'லுக்கும் அதற்கும் நடுவே இருக்க வேண்டிய 'வா'வைக் காணோம்.

கவனித்தால் ஒரு கட்டுப்பாடு தெரியும். திசையைக் காட்டும் சொல்லோ சொற்றொடரோதான் இப்படி ஒட்டும். 'மஸ்ட் அவே', 'மஸ்ட் ஹோம்', 'மஸ்ட் டு இங்கிலாந்து' எல்லாம் உண்டு. 'மஸ்ட் இன் இங்கிலாந்து' கிடையாது. இங்கிலாந்துக்கு என்றால் சரி, இங்கிலாந்தில் என்றால் முடியாது. 'மஸ்ட் க்விக்லி' என்றும் நிறுத்த முடியாது, ஏனென்றால் வேகமாக என்பது எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

'மஸ்ட்', 'ஷல்', 'கேன்' போல இன்னொரு வினைக்குத் துணையாக வந்து கட்டாயம், இயலுமை முதலியவற்றைக் காட்டும் சொற்களை மோடல் வினைகள் என்பார்கள். இவற்றின் பிறவி விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஹி கோஸ்' என்று 'ஸ்' சேர்க்கிறோம், 'ஹி கேன்ஸ்' என்று ஏன் சேர்ப்பதில்லை? 'கேன்', 'ஷல்', 'மே' எல்லாம் உருவத்தில் பழைய இறந்தகால வினைகள். 'ஹி சேங்' என்பதில் 'ஸ்' வராதது போலவேதான் 'ஹி கேன்' என்பதிலும் வராது. 'கேன்' முதலில் குறித்த 'கற்றுக்கொண்டேன்' என்பது நாளடைவில் 'எனக்குத் தெரியும்' என்று பொருள் மாறி, நிகழ்காலமாக உட்கார்ந்துவிட்டது. இதே குடும்பத்துத் தூரத்து உறவான சமஸ்கிருதத்தில் 'அறிவான்' என்று பொருள்படும் 'வேத' என்ற வினையும் இறந்தகால வடிவம் கொண்டதுதான். பள்ளியில் இதை 'விதிவிலக்கு' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். காரணம் இருக்கும்போது அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் மாணவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'போ' என்ற பொருள் நமக்குக் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. வாக்கியத்துக்குள் ஒலியில்லாத ஒரு 'போ' உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் பதில். டச்சு மொழியியலாளர் ஹெங்க் வான் ரீம்ஸ்டைக் சுவிஸ் ஜெர்மன் முதலிய மொழிகளை வைத்து 2002இல் இதை விரிவாக வாதிட்டார். அப்படி எந்த மௌன வினையும் இல்லை, 'முஸ்'ஸே அங்கே முழு வினையாக நின்று திசைச்சொல்லை நேராக ஏற்றுக்கொள்கிறது என்பது இரண்டாவது.

கேட்காத ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சோதிப்பது? பக்கத்தில் இருக்கும் சொற்களை விசாரிக்க வேண்டியதுதான். ஜெர்மனில் 'இன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்யும். நகருக்குள் போவதென்றால் அதன் பின் நம் இரண்டாம் வேற்றுமைக்கு நிகரானது வரும்: 'இன் டி ஷ்டாட்'. நகரில் இருப்பதென்றால் நான்காம் வேற்றுமைக்கு நிகரானது: 'இன் டேர் ஷ்டாட்'. 'இஷ் முஸ் இன் டி ஷ்டாட்' என்பதில் வருவது நகர்வைக் காட்டும் வேற்றுமைதான். வாக்கியத்தில் நகரும் வினை எதுவும் இல்லை, ஆனால் 'தி' என்பதற்கு நிகரான அந்தச் சின்னச் சொல் நகர்வு நடப்பதாக அறிவிக்கிறது. மௌன 'போ' கட்சிக்கு இது சாதகம் போலத் தெரியும்.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனில் 'வேண்டியிருந்தது' என்று சொல்ல 'ஹாபெ' என்ற துணைவினையைப் போட்டு, கடைசியில் 'முஸ்'ஸின் ஒரு வடிவத்தை வைப்பார்கள். அந்த வடிவம் இரண்டு வகை. வேறொரு வினையைச் சுமந்துகொண்டிருந்தால் 'மியூஸன்' என்று வரும்: 'இஷ் ஹாபெ நாஹ் ஹவுஸெ கேயன் மியூஸன்'. இதில் 'கேயன்' என்பது 'போ'. சுமையில்லாமல் தானே முழு வினையாக நின்றால் 'கெமுஸ்ட்' என்று வரும். இப்போது 'கேயன்' என்பதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மௌனமாக ஒரு 'போ' ஒளிந்திருந்தால், சுமை இருக்கிறது என்று பொருள், ஆகவே 'மியூஸன்' வர வேண்டும். ஆனால் ஜெர்மானியர் சொல்வது 'இஷ் ஹாபெ நாஹ் ஹவுஸெ கெமுஸ்ட்'. முதுகில் ஒன்றும் இல்லாத வினையின் வடிவம்! கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, வினையின் வாலில் இருக்கும் ஓரிரு எழுத்துகள் சாட்சி சொல்கின்றன. மற்ற மொழிகளின் சான்றுகளையும் சேர்த்தால் விவாதம் இன்னும் முடியவில்லை. ஜெர்மனைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சி.

இதை ஏற்றுக்கொண்டால் ஆங்கிலத்தின் கதை எளிதாக விளங்கும். ஜெர்மனில் 'முஸ்' இன்னும் வினைதான், அதற்கு எச்சங்கள் உண்டு, 'ஹாபெ' பின்னாலும் வரும். 'இஷ் கான் டாய்ச்', அதாவது 'எனக்கு ஜெர்மன் தெரியும்' என்று பெயர்ச்சொல்லையும் நேராக ஏற்கும். ஆங்கில மோடல்களும் ஒரு காலத்தில் ஓரளவு அப்படித்தான் இருந்தன. 'ஷல் கேன்' என்று ஒன்றின் பின் ஒன்று வந்ததும் உண்டு. மொழியியலாளர் டேவிட் லைட்ஃபுட் 1979இல் எடுத்துக்காட்டியபடி, இத்தகைய வடிவங்களைக் கடைசியாகக் கையாண்டவர்களில் ஒருவர் 1535இல் மறைந்த ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர். அதன்பின் மோடல்கள் வினைக்கூட்டத்திலிருந்து பிரிந்து, வாக்கியத்தின் காலத்தையும் மனநிலையையும் காட்டும் குறிகளாகிவிட்டன. குறிக்குத் திசைச்சொல்லைத் தாங்கும் தெம்பு இல்லை. ஹாம்லெட் வந்தது மோர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து என்பதைப் பார்த்தால், இந்தத் தெம்பு ஒரேயடியாகப் போகவில்லை, ஒவ்வொரு அமைப்பாகக் கழன்றிருக்கிறது என்று புரியும்.

வினையாகவே தங்கிவிட்டவை இன்றும் திசைச்சொல்லை ஏற்கின்றன. 'லெட் மீ இன்' என்பதில் 'வர' எங்கே? ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும், அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கமும் பூனை கதவருகே நின்றால் 'த கேட் வான்ட்ஸ் அவுட்' என்பார்கள். 'வான்ட்ஸ்' என்பதன் 'ஸ்' அது முழு வினை என்பதற்கு அத்தாட்சி.

அப்புறம் நம் 'வேண்டும்'. நான், நீ, அவள் யார் வந்தாலும் 'போக வேண்டும்' மாறாது. ஆங்கில மோடல் மாதிரியே திணை, பால், எண் எதுவும் காட்டாது. ஆனால் 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று குறள் சொல்லும்போது அது விரும்புதல் என்ற முழு வினை. 'சாமியை வேண்டினாள்' என்பதில் இன்றும் அப்படித்தான். 'காபி வேண்டும்' என்று பெயர்ச்சொல்லையும் ஏற்கும். ஆனால் 'மதுரைக்கு ரெண்டு வேணும்' என்றால் போவது என்ற பொருள் வராது, டிக்கெட்தான் வரும்! பேச்சில் நடப்பது இன்னும் சுவையானது. 'போக வேணும்' சுருங்கி 'போகணும்' ஆகிறது. 'காபி வேணும்' ஒருநாளும் 'காபிணும்' ஆவதில்லை. வினையோடு சேர்ந்தால்தான் கரைகிறது, தனித்து நின்றால் முழு உருவத்தில் நிற்கிறது.

ஆங்கிலத்தின் இந்த நகர்வுகளைக் காலவரிசையில் தேட முடிவதற்குக் காரணம் ஹெல்சிங்கி, பென்சில்வேனியா, யார்க் பல்கலைக்கழகங்கள் பழைய நூல்களைத் திரட்டி, வாக்கியம் வாக்கியமாக இலக்கணக் குறியிட்டு வைத்திருப்பதுதான். சங்கப் பாடல், கல்வெட்டு, உரைநூல், கடிதம் என்று தமிழுக்கு இருக்கும் தொடர்ச்சி அதைவிட நீளம். மொழியின் தொன்மையைக் கொண்டாடும் விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, இளம் ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து இந்தக் குறியிடும் வேலைக்குத் திருப்ப வேண்டும். 'வேண்டும்' முதலில் எந்த நூற்றாண்டில், எந்த வகை எழுத்தில் விருப்பத்தை விட்டுக் கட்டாயத்துக்கு மாறியது என்பதை அப்போது எண்ணிச் சொல்ல முடியும்.