இன்னாததும் இனியதும்: ஆப்டிமிசம், பெசிமிசம் – தமிழில் எப்படிச் சொல்வது?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிக் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் ஊர் இரண்டு கட்சியாகிவிடும். ‘இங்கே வராது, ஆந்திரா பக்கம் போய்விடும்’ என்பார் ஒருவர். ‘இந்தத் தடவை நம்மைத்தான் பிடிக்கும்’ என்பார் இன்னொருவர். ஆங்கிலம் முன்னவரை ஆப்டிமிஸ்ட் என்கிறது, பின்னவரைப் பெசிமிஸ்ட் என்கிறது. தமிழில் எழுதும்போது இவர்கள் நம்பிக்கைவாதி, அவநம்பிக்கைவாதி ஆகிவிடுகிறார்கள். முதல் சொல் போதாது. இரண்டாவது தவறு என்றே சொல்வேன். அவநம்பிக்கை என்பது ஓர் ஆளிடமோ அவர் பேச்சிடமோ நம்பிக்கை கொள்ளாமை. கடன் கேட்டு வந்தவரை அவநம்பிக்கையோடு பார்க்கலாம். புயலை எப்படி அவநம்பிக்கையோடு பார்ப்பது?

ஆப்டிமிசம் என்ற சொல்லுக்கு இன்னும் முந்நூறு வயது ஆகவில்லை. இலத்தீனில் ‘ஆப்டிமஸ்’ என்றால் மிகச் சிறந்தது. ‘பெசிமஸ்’ என்றால் மிக மோசமானது. படைத்திருக்கக்கூடிய உலகங்கள் எல்லாவற்றிலும் கடவுள் படைத்த இந்த உலகமே மிகச் சிறந்தது என்று ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1710-இல் ஒரு நூலில் வாதிட்டார். அந்தக் கொள்கைக்கு ‘ஆப்டிமிஸ்ம்’ என்ற பெயர் 1737-இல் பிரான்சில் இயேசு சபையார் நடத்திய ஓர் இதழில் வந்தது. ஆக, சொல் பிறந்தபோது ‘நாளைக்கு நல்லது நடக்கும்’ என்ற பொருளே அதற்கு இல்லை. இருக்கிற உலகத்தைப் பற்றிய தீர்ப்பு அது.

1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் குலுக்கியது. கடல் பொங்கி ஏறியது. மிச்சத்தைத் தீ தின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் பார்த்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதுவா மிகச் சிறந்த உலகம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கொதித்தார். 1759-இல் அவர் வெளியிட்ட ‘கான்டீட்’ கதைக்குத் துணைத்தலைப்பே ‘அல்லது ஆப்டிமிஸ்ம்’ என்பதுதான். அதில் வரும் ஆசிரியர் பாங்லாஸ், எந்தக் கொடுமை நடந்தாலும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஓதிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கிண்டலால்தான் சொல் ஊர் ஊராகப் பரவியது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தக் கதை வருவதற்கு முந்திய ஆண்டுதான் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். மூன்றே ஆண்டில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்தார். 1766-இல் பாரிசில் தலையையும் இழந்தார். அந்தத் தண்டனை அநியாயம் என்று எழுதிப் போராடியவரும் இதே வோல்தேர்தான்.

பெசிமிசம் என்ற சொல் ஆப்டிமிசத்துக்கு எதிர்ச்சொல்லாகப் பின்னால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் அதைத் தத்துவமாக வளர்த்தார். அதற்குள் இரண்டு சொற்களும் மனப்போக்கைக் குறிக்கும் அன்றாடச் சொற்களாக இளகத் தொடங்கிவிட்டன.

இனி நம் பக்கம். நம்பிக்கை என்ற சொல்லின் வேர் ‘நம்பு’. ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். அந்நாளில் ஒன்றை நம்புவது என்றால் அதை விரும்புவது. பிறகுதான் உறுதியாகக் கொள்ளுதல் என்ற பொருள் சேர்ந்தது. ஆப்டிமிஸ்ட் மேல் மற்றவர்கள் சொல்லும் குறையே அதுதானே? நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நடக்கும் என்று சொல்லிவிடுகிறார் என்று!

ஆனால் இன்றைய நம்பிக்கைக்கு வேலை அதிகம். ஒருவர் சொல்லை ஏற்பதும் நம்பிக்கை, பக்தியும் நம்பிக்கை, எதிர்பார்ப்பும் நம்பிக்கை. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள். அவர் கரையேறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுகிறார்கள். ‘கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்று அவர் பாடியது நம்பிக்கை. கடல் நல்லது என்றோ காலம் நல்லது என்றோ அவர் சொல்லவில்லை. துணை நல்லது என்றார். அவரை ஆப்டிமிஸ்ட் என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

எனக்குச் சரியான சொல்லைத் தந்தது புறநானூற்றின் 194-ஆம் பாட்டு. ஒரு வீட்டில் சாவுப் பறை, ஒரு வீட்டில் மண முழவு. பூச்சூடிய பெண்கள் ஒரு புறம், கண்ணீர் வடிப்பவர்கள் மறுபுறம். இப்படிப் படைத்தவனைப் ‘பண்பிலாளன்’ என்று பக்குடுக்கை நன்கணியார் நேரடியாகவே ஏசுகிறார். லைப்னிட்ஸ் கடவுளுக்காக வழக்காடினார் என்றால், இவர் எதிர்த்தரப்பு. ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. ‘இன்னாது அம்ம, இவ்வுலகம், இனிய காண்க, இதன் இயல்புணர்ந் தோரே.’ உலகம் இன்னாதது என்பது தீர்ப்பு. இனியவற்றைக் காண்பது நாம் செய்ய வேண்டிய வேலை. அந்தக் ‘காண்க’தான் முக்கியம். ஆகவே ஆப்டிமிசத்துக்கு நன்னோக்கு என்பேன். ‘நன்னோக்கம்’ என்றால் நல்லெண்ணம் என்ற பொருள் வந்துவிடும். ஓர் எழுத்தில் காரியம் கெடும்.

பெசிமிசத்துக்கான சொல்லைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒருவர் அதை எழுதியே வைத்துவிட்டார். புதுமைப்பித்தன், தம் கதைகளின் பொதுத்தன்மை ‘நம்பிக்கை வறட்சி’ என்று தாமே சொன்னார். (பிறந்த ஊர் என்பதற்கு மேல் கடலூர் உரிமை கொண்டாடினால் திருநெல்வேலிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.) வறட்சி என்ற சொல் எவ்வளவு துல்லியம் பாருங்கள். நம்பிக்கையே இல்லாத நிலம் வேறு. நீர் இருந்து வற்றிய நிலம் வேறு. இதே கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் நேர் எதிர்ச் சுபாவம்: சேரியையும் நடைபாதையையும் எழுதினாலும் மனிதன்மேல் அவருக்கு வறட்சி வந்ததில்லை. ஒருவர் 1906 ஏப்ரல் 25, மற்றவர் 1934 ஏப்ரல் 24. சோதிடர்கள்தாம் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

நன்னோக்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று யாராவது சொன்னால் பாரதியைக் காட்டுவேன். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் புரட்டிப் போட்டது. மரங்கள் நாற்றைப் போல நாடெங்கும் சிதறி விழுந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான், ஓர் ஏழையின் தென்னந்தோப்பு தப்பியதை அவர் பாடினார்: ‘வீழ்ந்தன சிலவாம் மரங்கள், மீந்தன பலவாம்.’ 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் விழுந்த கணக்கு வேறு. அங்கே ‘மீந்தன பலவாம்’ என்று பாடியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும். எண்ணிப் பார்த்துச் சொன்னால்தான் அது நன்னோக்கு.

பேச்சில் நாம் கடைப்பிடிக்கும் மங்கலத்தையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். விளக்கை அணை என்னாமல் குளிரவை என்கிறோம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்கிறோம். கறுப்பாக இருந்தாலும் வெள்ளாடு என்கிறோம். இலக்கணம் இதைத் தகுதி வழக்கில் வைத்தது. கெட்டதைச் சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம் இதற்கடியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதை நன்னோக்கு என்பதற்கில்லை. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று அலுத்துக்கொண்டே அடுத்த பட்டத்துக்கு விதை நெல் எடுத்துவைக்கும் விவசாயியை வறட்சிக் கணக்கில் எழுதுவதும் அவசரமே.

ஆகவே மனப்போக்கைச் சொல்ல நன்னோக்கு, நம்பிக்கை வறட்சி. ஆளைச் சொல்ல நன்னோக்கர், நம்பிக்கை வறண்டவர். ஷோப்பன்ஹவர் போன்றோரின் தத்துவத்தைச் சொல்லும்போது நன்கணியாரிடம் கடன் வாங்கி ‘இன்னாநோக்கு’ எனலாம். அவநம்பிக்கையை அதன் பழைய வேலைக்கே அனுப்பிவிடலாம். நன்னம்பிக்கை என்ற சொல்லையும் சிலர் ஆப்டிமிசத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதைப் பூகோளப் பாடத்தில் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு அருகிலுள்ள நன்னம்பிக்கை முனை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. போர்த்துகீசிய மாலுமி அதற்கு முதலில் வைத்த பெயர் புயல்முனை என்றும், கப்பல்கள் தயங்கக் கூடாதென்று அரசர் பெயரை மாற்றினார் என்றும் சொல்வார்கள்.