ரோல் பாருக்கு ஜிஐ பைப்பு போதுமா?

காரைக்குடியில இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "அண்ணே, பழைய கார் ஒண்ணைப் பிரிச்சு கோயம்புத்தூர் கரி கார் ரேஸ் ட்ராக்ல ஓட்டுற மாதிரி ரெடி பண்றோம், பட்டறைக்காரர் ஜிஐ பைப்புலயே ரோல் பார் அடிச்சுத் தர்றேங்கிறாரு, தாங்குமாண்ணே?"

தாங்காது தம்பி. ரோல் பார்ங்கிறது கார் கவுந்தா டிரைவர் தலை நசுங்காம காக்குற இரும்பு வளைவு; ஜிஐ பைப்பு தண்ணி போறதுக்குச் செஞ்சது, நீளவாக்குல ஒரு வெல்டிங் தையல் ஓடும், மேல பூசுன துத்தநாகம் சூட்டுல ஆவியாகி வெல்டுக்குள்ள பொத்தல் விடும், அந்தப் புகையை இழுத்த வெல்டருக்கு ராத்திரி காய்ச்சல் வேற. உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ரூல்ஸ்ல கேக்குறது சூடு காட்டாம இழுத்துச் செஞ்ச, தையலே இல்லாத கோல்டு ட்ரான் சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், டிரைவர் தலைக்குப் பின்னாடி வர்ற மெயின் வளைவுக்கு 45 மில்லி விட்டம் 2.5 மில்லி கனம், இல்லாட்டி 50க்கு 2. நீங்க கலந்துக்கப்போற போட்டியோட ரூல்புக்கையும் பாத்துக்கங்க.

சரி, எதுக்கு பைப்பு, கெட்டிக் கம்பி வைக்கலாம்லன்னு தோணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரு கம்பியை வளைச்சா வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும், நடுவுல இருக்கிற இரும்பு ரெண்டும் இல்லாம சும்மா உக்காந்திருக்கும். நடுக்கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கோ அந்த தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு துளி இரும்பும் விறைப்பு கொடுக்குது, அதனால நடுவுல சும்மா இருக்கிறவனை எல்லாம் கிளப்பி ஓரத்துக்கு அனுப்புனா அதே எடையில வேலை பல மடங்கு நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: 45க்கு 2.5 பைப்பு மீட்டருக்கு 2.6 கிலோ, அதே எடையில கெட்டிக் கம்பி எடுத்தா 20.6 மில்லிதான் தடிமன் வரும், விறைப்புல பைப்பு அதைவிட எட்டரை மடங்கு, வளைவைத் தாங்குற பலத்துல கிட்டத்தட்ட 4 மடங்கு!

ஆனா பைப்பு வட்டமா இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. பப்பாளி இலைக் காம்பை ரெண்டு கையால பிடிச்சு மெதுவா மடக்கிப் பாருங்க, கொஞ்ச நேரம் முறுக்கா நிக்கும், அப்புறம் ஒரு இடத்துல தட்டையாகும், தட்டையான அடுத்த நொடி அங்கயே மடிஞ்சிரும். தட்டையாகுறதுன்னா ஓரத்துல நின்ன பொருள் நடுக்கோட்டுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம், விறைப்பு குறையுது, குறைஞ்ச இடத்துலயே மேல மேல வளையுது, அதனால இன்னும் தட்டையாகுது. பட்டறையில வளைக்கிறப்பவே பைப்பு சப்பிப்போனா கார் உருளும்போது மடியப்போற இடத்தை நாமளே செஞ்சு வச்சிட்டோம். அதனாலதான் ரூல்ஸ்ல சூடு காட்டாம வளைக்கணும், வளைவோட ஆரம் பைப்பு விட்டத்துல 3 மடங்காவது இருக்கணும், சப்புன இடத்துல சின்ன விட்டத்தைப் பெரிய விட்டத்தால வகுத்தா 0.9க்குக் குறையக் கூடாதுங்கிறான். லேப்ல வெர்னியர் இருக்கும்ல, அளந்து பாருங்க. ஒரு பக்கம் 42, இன்னொரு பக்கம் 47 காட்டுனா 0.89, அந்தப் பைப்பைக் கழிச்சுருங்க. மண்ணு ரொப்பி சூடு காட்டி வளைச்சுத் தர்றேன்னா வேணாம்னு சொல்லிருங்க.

விசை எப்பவும் மேல இருந்து நேரா வரும்னு நெனைக்காதீங்க. 2022ல சில்வர்ஸ்டோன்ல சோ குவான்யூவோட எஃப்1 கார் தலைகீழா இழுத்துட்டுப் போனப்ப, டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ண ரோல் ஹூப்பே, அதாவது டிரைவர் தலைக்குப் பின்னாடி இருக்கிற பாதுகாப்பு வளைவே உடைஞ்சுபோச்சு, தலையைச் சுத்தி இருக்கிற ஹேலோங்கிற சட்டம்தான் காப்பாத்துச்சு. அடுத்த வருஷமே ஹூப் உச்சி தரையில குத்தாம உருண்டையா இருக்கணும்னு ரூலை மாத்துனாங்க. உங்க பார்லயும் பின்பக்கத் தாங்கு ரெண்டும் மூலைக்கு மூலை குறுக்க போற ஒரு டயகனல் பைப்பும் கட்டாயம், நாலு மூலைச் சட்டம் சாஞ்சிரும், முக்கோணம் சாயாது, பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான். பாரோட கால் தரைத் தகட்டுல ஊன்றுற இடத்துல 3 மில்லி கனத்துல 120 சதுர சென்டிமீட்டர் தகடாவது வேணும், இல்லாட்டி பார் முழுசா இருக்கும், தரையைப் பொத்துக்கிட்டு இறங்கிரும்.

பழைய காருன்னா தரைத் தகடே துருப்பிடிச்சிருக்கும், பெயின்ட்டைச் சுரண்டி சுத்தியால தட்டிப் பாத்துக்கங்க. பைப்புலயும் வெளிப்பக்கம் அரை மில்லி துரு தின்னாலே விறைப்பு 23 சதவீதம் போயிரும், ஏன்னா அது தின்னது ஓரத்துல இருந்த இரும்பை. துருவைப் பத்தி சந்தேகம்னா நம்ம ஊர் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953ல திறந்தது. துரு ஆராய்ச்சின்னா யாரும் கைதட்ட மாட்டாங்க, ஆனா பாலம், கப்பல், பைப்லைன்னு நாடே அதுலதான் நிக்குது, அதுக்குக் காசு ஒதுக்க யோசிக்கிறது சரியான கஞ்சத்தனம்னு நான் சொல்வேன்.

பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு வாங்க, ஆச்சி மனசு நிறையட்டும், ஆனா வெல்டிங்கைப் பாக்காம பழத்தை மட்டும் நம்பி ட்ராக்ல இறங்காதீங்க.

ஒண்ணு மறந்துராதீங்க, தலைக்குப் பக்கத்துல வர்ற பைப்பு எல்லாத்துக்கும் பேடிங் சுத்தணும், ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாம அந்த வண்டியை தேவகோட்டை ரோட்டுல ஓட்டிப் பாக்கவே கூடாது, சின்ன இடிக்கே உங்க மண்டையை அந்த பாரே உடைச்சிரும். கோயம்புத்தூருக்கு லாரியில ஏத்திக் கொண்டுபோங்க.