சொந்தமாகப் புத்தகம் போடுவோர் கையெழுத்திடும் முன்

சொந்தச் செலவில் புத்தகம் போட்ட எழுத்தாளர் ஒருவர் தம்புச் செட்டித் தெருவிலுள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தால், கதையைப் பற்றிக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்பது வழக்கம். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். யார் பெயரில் வாங்கப்பட்டது, அட்டைக்கும் உள்பக்கங்களுக்குமான ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூலக்கோப்பு, யாரிடம் இருக்கிறது, மின்னூல் யாருடைய கணக்கிலிருந்து விற்பனையாகிறது, ஒப்பந்தத்தின் நகல் எங்கே? முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயரே பதிலாக வரும். நான்காவதற்கு, மின்னஞ்சலில் எங்கோ கிடக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும் என்பார்கள். எழுதியவர் அவர், பணம் கட்டியவர் அவர், ஆனால் மறுபதிப்புக்கு இன்னொருவருடைய அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருப்பவரும் அவர்தான்.

வடசென்னையிலிருந்து எழுத வருகிறவர்களில் பலர் இலக்கிய வட்டங்களின் வழியாக வருவதில்லை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவரும், பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரும், பழைய வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவில் கைப்பேசியில் நாவல் எழுதுகிறவரும், இணையத்தில் தொடராகப் போட்டு, வாசகர்கள் கேட்கத் தொடங்கிய பிறகே அச்சைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும், சுற்றுவட்டாரத்தில் அச்சகமும் பைண்டிங்கும் கிடைக்கும் தூரத்திலேயே குடியிருந்தும், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் பேக்கேஜ் நிறுவனங்களிடம் அவர்கள் போவதற்குக் காரணம் நேரமின்மைதான். அப்படிப் போவதில் தவறு ஒன்றுமில்லை. சேவைக்குப் பணமும் கொடுத்து, அதே காகிதத்தில் உரிமையையும் கொடுத்துவிடுவதுதான் சிக்கல்.

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் புத்தகங்களை வைத்து இதைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய முதல் நூல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ராயபுரத்துச் சிறிய அச்சகம் ஒன்றில் 300 பிரதிகள் அச்சானது. அச்சகத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு கொட்டேஷனும் பில்லும் தவிர வேறு காகிதம் இல்லாததால், அந்த நூலில் இன்றுவரை எந்த வில்லங்கமும் இல்லை. இரண்டாவது, மீனவக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லும் நாவல். அதை வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் பேக்கேஜ் தொகை கட்டிக் கொண்டுவந்தார். மூன்றாவது நூலை, அதே பாத்திரங்களின் தொடர்ச்சியாக, எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது நாவலை வெப் சீரிஸாக எடுக்க விரும்பிய ஒருவர் அவரை அணுகினார். இந்தச் செய்தி அந்த வெளியூர் நிறுவனத்தின் காதுக்கு எட்டியதும், கதை உரிமை எங்களுடையது, பேச்சுவார்த்தையை எங்களோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

“காசு கட்டினது நான், சார். அப்புறம் எப்படி புக்கு அவங்களோடது ஆகும்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் அவர் கைப்பேசியில் இருந்த 11 பக்க ஆங்கில ஒப்பந்தத்தில், 7-ஆம் பக்கத்தில் இருந்தது. இந்த நூலின் அனைத்து உரிமைகளையும், எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், உலகம் முழுமைக்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் எழுத்தாளர் நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார் என்று அந்த வாக்கியம் சொன்னது. அதற்கு அடுத்த வரி, இதே பாத்திரங்களைக் கொண்ட வேறு நூலை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எழுத்தாளர் வெளியிடக் கூடாது என்றது. அவர் தம் ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு மின்கையொப்பம் இட்டிருந்தார். அது பேனாவால் போட்ட கையெழுத்தைப் போலவே செல்லும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 17-ஆம் பிரிவு அவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஒருவரிடம் ஊழியராக இருந்து அந்த வேலையின் பகுதியாக எழுதியது போன்ற சில விலக்குகள் உண்டு, அவை நாவலாசிரியர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. எழுதியவர் வாழும் காலமும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிலைக்கிறது. ஆகவே பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்ற நான்கைந்து சொற்கள், இன்று ஐந்து வயதாகும் பேரக்குழந்தை முதுமை அடையும்வரை நீளக்கூடிய ஒரு காலத்தைக் குறிக்கின்றன. இதைச் சொன்னால் எழுத்தாளர்கள் சற்றே நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

உரிமையை மாற்றித் தருவதற்குச் சட்டம் சில நிபந்தனைகளை விதித்திருப்பது பலருக்குத் தெரியாது. 19-ஆம் பிரிவின்படி மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எழுத்தாளர் கையொப்பமிட வேண்டும்; வாட்ஸ்அப்பில் சரி என்று அனுப்பிய ஒரு சொல்லால் உரிமை கைமாறிவிடாது. எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போட்ட காலத்தில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஓர் ஊடகத்தை அந்த ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஊடகத்துக்கான உரிமை மாறாது. இவற்றையெல்லாம்விடத் தண்டையார்பேட்டை எழுத்தாளருக்குக் கைகொடுத்தது 19-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு: மாற்றித் தரப்பட்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும். நிறுவனம் அச்சுப் புத்தகமும் மின்னூலும் போட்டிருந்ததே தவிர, மூன்று ஆண்டுகளாகியும் ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் எதிலும் ஒரு சுண்டுவிரலைக்கூட அசைத்திருக்கவில்லை. ஓராண்டு விதியை விலக்கும் வாசகமும் அந்த 11 பக்கங்களில் இல்லை. அதைச் சுட்டி அனுப்பிய அறிவிப்புக்குப் பிறகு, திரை உரிமையில் தங்களுக்குக் கோரிக்கை இல்லை என்று எழுதித் தந்தார்கள். பாத்திரங்களைப் பற்றிய கட்டுப்பாட்டை நீக்கத்தான் மேலும் பல மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடந்தது.

உரிமைகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை, தனித்தனியாகக் கொடுக்கலாம் என்பதற்குத் தமிழிலேயே பழைய சான்று இருக்கிறது. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி. மெய்யப்பனிடமும், நூல் உரிமை பாரதியின் குடும்பத்தாரிடமும் தனித்தனியே இருந்த நிலையில்தான், 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்துச் சென்னை மாகாண அரசு அவற்றை நாட்டுடைமையாக்கும் வேலையில் இறங்கியது. இன்றைய எழுத்தாளரும் அச்சு உரிமையை ஒருவருக்கு, தமிழில் மட்டும், 3 ஆண்டுக்கு, தனியுரிமை இல்லாத, அதாவது வேறொருவருக்கும் கொடுக்கத் தடையில்லாத, உரிமமாகக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் தம்மிடமே வைத்துக்கொள்ள முடியும். பேக்கேஜுக்குப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு இதற்கு மேல் எதையும் கொடுக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

ராயல்டி கணக்கையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நூறு சதவீத ராயல்டி என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன், எதன் மேல் நூறு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 300 ரூபாய் விலையுள்ள புத்தகத்தில் கடைக்கழிவு 40 சதவீதம் என்றால் 120 ரூபாய் போய்விடுகிறது. பிரதி ஒன்றுக்கு அச்சுச் செலவு 110 என்று கழித்தால் மிஞ்சும் 70-தான் அந்த நூறு சதவீதம். அந்த 110 ரூபாயைத் தீர்மானிப்பது நிறுவனம்தான், அதற்குள் நிறுவனத்தின் லாபம் ஏற்கெனவே ஒளிந்திருக்கலாம். மாறாக, அச்சிட்ட விலையில் 10 சதவீதம் என்று எழுதியிருந்தால், யார் என்ன செலவு காட்டினாலும் 30 ரூபாய் கைக்கு வரும். 70 பெரிதா 30 பெரிதா என்பதைவிட, எந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய உங்களால் முடியும் என்பது முக்கியம். விற்பனை அறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், அச்சகத்தின் பில்லைக் கேட்டுப் பார்க்கலாமா என்ற இரண்டு வரிகள் இல்லாத ஒப்பந்தத்தில் எந்தச் சதவீதத்துக்கும் பொருள் இல்லை.

ஐ.எஸ்.பி.என். விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைக் கட்டணமின்றித் தருகிறது. தாமே வெளியிடும் எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அப்படியிருக்க அதற்கென்று தனித் தொகை வசூலிக்கும் பேக்கேஜுகளைப் பார்க்கிறேன். நிறுவனத்தின் எண் வரிசையிலிருந்து உங்கள் நூலுக்கு எண் ஒதுக்கப்பட்டால், பதிவேடுகளில் வெளியீட்டாளர் அந்த நிறுவனமே. நாளை நீங்கள் விலகி மறுபதிப்புப் போடும்போது புதிய எண் வாங்க வேண்டும். இந்த 13 இலக்க எண் பதிப்புரிமைச் சான்று அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி நம்பி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

ஓப்பன் ஃபைல் சட்டப் பிரச்சினையைவிட நடைமுறைப் பிரச்சினையாகவே முதலில் வரும். பி.டி.எஃப். மட்டும் கையிலிருந்தால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் மறுபடி டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) செய்தவரிடம்தான் போக வேண்டும். தமிழக அரசு 2010-லேயே கணினித் தமிழுக்கான எழுத்துக் குறியீடுகளாக யூனிகோடையும் அச்சுத் துறைக்காக டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்திருந்தும், பழைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் வடிவமைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கோப்பை மின்னூலாக்கும்போது கொம்பும் காலும் இடம்மாறி வரும். ஆகவே உள்பக்கங்களின் ஓப்பன் ஃபைல், அட்டையின் மூலக்கோப்பு, யூனிகோடில் இறுதி செய்யப்பட்ட உரை ஆகிய மூன்றும் கடைசித் தவணைப் பணத்துக்கு முன் கையில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. அட்டை ஓவியரிடமும் பயன்பாட்டு உரிமையை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

தாமே மின்னூல் வெளியிடுகிறவர்கள் தளத்தின் விதிகளைப் படிக்காமலே டிக் செய்வதால் வரும் தொல்லை வேறு வகை. அமேசானின் கிண்டிலில் தமிழ் நூலுக்கு 35 அல்லது 70 சதவீத ராயல்டித் தேர்வுகள் உண்டு. இந்தியாவில் 70 பெற வேண்டுமானால் கே.டி.பி. செலக்ட் என்ற அதன் தனியுரிமைத் திட்டத்தில் சேர வேண்டும், அதில் சேர்ந்த 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. ஆனால் அதே நாவலின் அத்தியாயங்கள் பழைய தொடராக இணையத்தில் கிடக்கும். சிலர் முன்பே, யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலை இலவசமாக விட்டிருப்பார்கள். அந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது, பிறகு தனியுரிமை என்று யாருக்கும் உறுதி அளிக்க இயலாது. இலவசமாகக் கொடுப்பது நல்ல முடிவாகவும் இருக்கலாம். விற்கும் எண்ணமிருக்கும் நூலுக்கு அல்ல.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு. பதிவேட்டில் உள்ளது நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். கையெழுத்துப் பிரதியைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் கோடம்பாக்கத்துப் பழக்கத்துக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அந்தப் பதிவுத் தபாலும் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இதைவிட, 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டிய கடமையை நிறைவேற்றி ஒப்புகைச் சீட்டு வாங்கினால், வெளியான தேதிக்கு அதுவே சாட்சியாகும். தாமே வெளியிடுகிறவர்தான் சட்டப்படி வெளியீட்டாளர், எனவே இந்தக் கடமையும் அவருடையதே.

கதையைத் திருடிவிட்டார்கள் என்று வருகிறவர்களிடம் 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னதைத்தான் சொல்கிறேன்: கதைக்கருவுக்குப் பாதுகாப்பு இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. குத்துச்சண்டையும் காசிமேட்டுக் கடலும் யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. காட்சி வரிசை, உரையாடல், பாத்திரங்களின் தனித்த இயல்பு ஆகியவை கணிசமாக எடுக்கப்பட்டிருந்தால்தான் வழக்குக்கு உயிர் இருக்கும். வழக்குத் தொடுக்க டெல்லிக்கோ மும்பைக்கோ ஓட வேண்டாம், எழுத்தாளர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்க 62-ஆம் பிரிவு இடம் தருகிறது.

டெலிகிராமில் பி.டி.எஃப். பரவுவதுதான் தொடர் நாவல் எழுதும் பெண்கள் அதிகம் கொண்டுவரும் புகார். பகிர்ந்தவரிடம் சண்டை போடுவதற்கு முன், தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை பெற்றுத் தராவிட்டால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம், அந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்களே மிகுதி. நூலின் பெயர், பரவும் இணைப்பு, திரைப்பதிவு, உங்கள் உரிமைக்கான ஆதாரம் நான்கும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். வேண்டுமென்றே செய்யும் மீறலுக்கு 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் பேசாமல் இருந்துவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாநில ஆணையத்தின் அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய வடக்குக் கோட்டைச் சாலையில் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், பணம் கட்டிய ரசீதுகளையும், வந்த ராயல்டி அறிக்கைகளையும், நூலின் ஒரு பிரதியையும், வாட்ஸ்அப் உரையாடலின் ஏற்றுமதிக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.