தார்ச்சாலைக்கு மாறுமுன் ஷூ ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

2021 செப்டம்பரில் நடந்த வியன்னா மாரத்தானை 2 மணி 9 நிமிடம் 22 விநாடியில் ஓடி முதலில் முடித்தவர் எத்தியோப்பியாவின் தெராரா ஹூரிசா. சற்று நேரத்தில் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ஊக்கமருந்து விவகாரம் எதுவும் இல்லை. அவர் அணிந்திருந்த ஷூவின் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் தடிமன். விதி அனுமதிப்பது 4. போட்டிக்கு முன் எழுதிக் கொடுத்த படிவத்தில் விதிக்கு உட்பட்ட ஷூவைத்தான் குறிப்பிட்டிருந்தார், ஓடும்போது காலில் இருந்தது வேறு. மூன்று விநாடி பின்னால் வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளரானார்.

விளையாட்டு ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு. தன் ஷூவை அணிந்து ஓடுவதற்காக ஓட்டக்காரருக்குப் பணம் தரும் நிறுவனம் அனுப்பிய ஷூவாலேயே அவர் வெற்றியை இழந்தால், அந்த வெற்றிக்கான ஊக்கத்தொகையின் இழப்பு யார் தலையில் விழும்? என்னிடம் வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. டிராக் (மைதான ஓடுதடம்) ஓட்டக்காரருக்காக எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே சாலை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிராக்கை விட்டுச் சாலைக்குப் போவது நெடுந்தூர ஓட்டத்தில் பழைய வழக்கம். எலியூட் கிப்சோகே 18 வயதில், 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 5000 மீட்டர் தங்கம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் ஹாம்பர்க்கில் முதல் மாரத்தானை ஓடி 2:05:30-இல் வென்றார். மோ ஃபாரா 2017-இல் டிராக்கிலிருந்து விலகி, 2018-இல் சிகாகோ மாரத்தானை வென்றார். பணமும் ஒரு காரணம். 10,000 மீட்டர் ஓட்டத்துக்குப் பரிசு தரும் பெரிய போட்டிகள் ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவே. பாஸ்டன் மாரத்தானில் முதலிடத்துக்கு மட்டும் 1,50,000 டாலர். பெரிய பெயர்களுக்கு, கலந்துகொள்வதற்கென்றே தனியாக ஒரு தொகையும் உண்டு.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஷூ ஒப்பந்தத்தில் முதல் பக்கத்துத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்பவர்கள் அதிகம். எனக்கு முக்கியமானது உள்ளே இருக்கும் குறைப்பு விதி. உலகத் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஆண்டில் இத்தனை போட்டிகள் ஓடத் தவறினாலோ, அடிப்படைத் தொகையில் ஒரு பங்கு வெட்டப்படும். டிராக் ஓட்டக்காரருக்கு ஒரு பருவத்தில் எட்டுப் பத்துப் போட்டிகள் கிடைக்கும். ஒன்று போனால் இன்னொன்றில் ஈடு செய்யலாம். மாரத்தான் ஓடுகிறவர் ஆண்டுக்கு இரண்டு ஓடுவார். வசந்தகாலப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் கெண்டைச்சதை கிழிந்தால் அரை ஆண்டு போயிற்று. 5000 மீட்டர் தரவரிசையை அளவுகோலாக வைத்த விதி, அந்தத் தூரத்தையே ஓடாத ஒருவரை ஆண்டுதோறும் தண்டிக்கும். விதியை எழுதியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார்தான். ஆனால் தொகையை வெட்டும் கணக்குப் பிரிவு எழுத்தில் உள்ளதைத்தான் பார்க்கும்.

நேரத்துக்கான ஊக்கத்தொகை இன்னொரு வலை. டிராக் எங்கே போனாலும் 400 மீட்டர். சாலை அப்படியில்லை. 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் பாஸ்டனில் 2:03:02 ஓடினார். அன்றைய உலக சாதனை ஹைலே கெப்ரெசெலாசியின் 2:03:59. ஆனாலும் முட்டாயின் நேரம் சாதனையாக ஏற்கப்படவில்லை. பாஸ்டன் பாதையின் தொடக்கமும் முடிவும் வெகு தொலைவில் இருக்கின்றன, பாதையும் விதி அனுமதிப்பதைவிட அதிகமாக இறங்குகிறது. உங்கள் ஒப்பந்தம் ‘சாதனைக்கு ஏற்ற பாதையில்’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால், பாஸ்டனில் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடினாலும் ஊக்கத்தொகை கிடைக்காது. அந்த மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரத்தை விட்டு, பிடிக்கும் இடத்தை வைத்துத் தொகை கேட்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது ஷூ. ஒரு காலத்தில் எந்த நிறுவனத்தின் ஷூவைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தானின் மூன்று பதக்கங்களையும் வென்றவர்கள் அணிந்திருந்தது, கடைக்கே வராத நைக்கி ஷூ. மறு ஆண்டு அது வேப்பர்ஃபிளை என்று விற்பனைக்கு வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டக்காரர்களை வைத்து, நைக்கியின் நிதியில் நடந்த ஆய்வில் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் ஒரு குறையும் இல்லை, கையெழுத்துப் போட்ட இடம்தான் அவர்களைப் பின்னுக்கு இழுத்தது.

2020-இல் உலகத் தடகள அமைப்பு வரம்பு கட்டியது: சாலைக்கு 40 மில்லிமீட்டர் தடிமன், அடிப்பாகத்தின் உள்ளே விறைப்பான ஒரே ஒரு தகடு. டிராக்கில் 2024 நவம்பர் முதல் எல்லா ஓட்டங்களுக்கும் 20 மில்லிமீட்டர்தான். சோதனை நிலையில் உள்ள ஷூவுக்கு ஒப்புதல் பெற்றுக் குறிப்பிட்ட காலம் வரை ஓடலாம். ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று, அனுப்பும் ஷூ விதிக்கு உட்பட்டது என்ற உறுதி. அது பொய்த்தால் இழப்பை நிறுவனமே ஏற்க வேண்டும். மற்றது, போட்டிக்கு ஏற்ற சாலை ஷூவை நிறுவனத்தால் தர முடியாத காலத்தில் வேறு ஷூ அணியும் உரிமை. இரண்டாவதை எளிதில் தரமாட்டார்கள். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஷூ ஓட்டத்தின் நடுவிலேயே பழுதாவதும் உண்டு. 2015 பெர்லின் மாரத்தானில் கிப்சோகேயின் இரண்டு ஷூக்களிலிருந்தும் இன்சோல் (பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்அட்டை) வெளியே வந்து ஆடியது. பாதம் புண்ணாகியும் 2:04:00-இல் வென்றார். எல்லாரும் கிப்சோகே இல்லை.

பெண்களுக்கு ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. 10,000 மீட்டரில் உலகப் போட்டிப் பதக்கம் வென்று மாரத்தானுக்குப் போனவர் அமெரிக்காவின் காரா கவுச்சர். கருவுற்றிருந்தபோது, மீண்டும் போட்டியில் ஓடும்வரை நைக்கி பணம் தராமல் நிறுத்தியது என்று அவரே 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். வேறு சிலரும் பேசிய பிறகு, மகப்பேற்றை ஒட்டிய 18 மாதங்களுக்குத் தொகையைக் குறைப்பதில்லை என்று நைக்கி விதியை மாற்றியது. மற்ற நிறுவனங்கள் வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை நம்ப வேண்டாம். காலத்தை மாதக் கணக்கில் எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிவதும் அவ்வளவு சுலபமில்லை. பல ஒப்பந்தங்களில், முடிந்த பிறகும் போட்டியாக உள்ள வேறு ஷூ நிறுவனம் தர முன்வரும் தொகையை அப்படியே தந்து உங்களைத் தக்கவைக்கும் உரிமை பழைய நிறுவனத்துக்கு இருக்கும். 800 மீட்டர் ஓட்டக்காரர் போரிஸ் பெரியன் மீது 2016-இல் நைக்கி தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். நியூ பேலன்ஸ் என்ற இன்னொரு ஷூ நிறுவனம் ஆண்டுக்கு 1,25,000 டாலர் தர முன்வந்தது. குறைப்பு விதி கிடையாது. அதே தொகையைத் தருகிறோம் என்றது நைக்கி. குறைப்பு விதியோடு தருவது ஈடாகாது என்பது பெரியன் தரப்பு வாதம். ஒலிம்பிக் தகுதிப் போட்டி நெருங்கிய வேளையில் நைக்கி வழக்கைக் கைவிட்டது. அதுவரை ஒலிம்பிக் ஆண்டில் ஓட்டக்காரரின் கவனம் வழக்கறிஞர் பக்கம் இருந்ததே, அதற்கு யார் ஈடு தருவது?

இங்கே ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ வேலை பார்த்துக்கொண்டே டெல்லி அரை மாரத்தானுக்கும் மும்பை மாரத்தானுக்கும் தயாராகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வரும் ஒப்பந்தம் பெரும்பாலும் சில ஜோடி ஷூவும் ஒரு சிறு தொகையும்தான். கையெழுத்திடுமுன் துறையின் அனுமதி தேவையா என்று பணிவிதியைப் பாருங்கள். அப்படியே கடைசிப் பக்கத்தையும் புரட்டுங்கள்: தகராறு வந்தால் எந்த ஊர் மன்றத்தில் முறையிட வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும். அது வெளிநாட்டு நகரமாக இருந்தால், வரவேண்டிய பாக்கியைக் கேட்கப் போகும் விமானச் செலவே பாக்கியைத் தாண்டிவிடும். சென்னை என்றோ பெங்களூரு என்றோ மாற்றித் தரும்படி கேளுங்கள். சிறிய ஒப்பந்தங்களில் நிறுவனங்கள் இதற்கு மறுப்புச் சொல்வது குறைவு.