மூன்று முகடுகளைப் பிரித்தறிந்த கவிஞர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வடக்கு தெற்காகச் சில குன்றுத்தொடர்கள் நீள்கின்றன. மேற்குப் பக்கம் செங்குத்தான கரும்பாறைச் சுவர். கிழக்கே மெல்லச் சரியும் காடு. இந்த ஒழுங்கை நுணுக்கமாகப் பதிவு செய்தவர் ஒரு கவிஞர், ஜேம்ஸ் கேட்ஸ் பெர்சிவல்.

1820களில் பேர்பெற்ற கவிஞர் அவர். மருத்துவமும் படித்தவர். 1835இல் மாநில அரசு அவரை நிலவியல் ஆய்வுக்கு நியமித்தது. மூலை முடுக்கெல்லாம் சுற்றி, 1842இல்தான் அறிக்கையைக் கொடுத்தார். அதில் கவிதையைத் தேடினால் கிடைக்காது. எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெரிய தொடரை முதன்மை முகடு என்றார்; அதற்கு மேற்கே இருப்பது முன்முகடு, கிழக்கே இருப்பது பின்முகடு. கண்டங்கள் நகரும் என்ற கருத்து அறிவியலில் இடம்பெறாத காலம் அது.

சரி, மூன்று முகடுகள் எப்படி வந்தன? சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாஞ்சியா பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது, இங்கே நிலம் இழுபட்டுப் பள்ளமானது. ஆறுகள் அதில் மணலையும் சேற்றையும் கொட்டின. இடையிடையே மூன்று கட்டங்களாக எரிமலைக் குழம்பு பரவி, இறுகி, பசால்ட் பாறையானது. கிழக்கு விளிம்பில் ஒரு பெரும் பிளவு. அதையொட்டித் தரை இறங்க இறங்க, எல்லா அடுக்குகளும் கிழக்கே சாய்ந்தன. அப்புறம் மழையும் ஆறும் பனியாறும் மென்மையான மணற்பாறையை அரித்துக்கொண்டு போக, கடினமான பசால்ட்டின் விளிம்புகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. சாய்வினால் அடியிலிருந்த பழைய அடுக்கு மேற்கே தலைகாட்டியது; அதனால்தான் முன்முகடு வயதில் மூத்தது, பின்முகடு இளையது.

குழம்பு தரைமேல் ஓடியதா, அடுக்குகளுக்கு நடுவே புகுந்ததா என்று பிற்பாடு ஒரு கேள்வி எழுந்தது. பதில் பாறையிலேயே இருக்கிறது. நடுவே புகுந்திருந்தால் மேலும் கீழும் உள்ள பாறைகள் இரண்டுமே சூட்டில் வெந்திருக்கும். தரைமேல் ஓடியிருந்தால் அடியில் உள்ளது மட்டும் வேகும். மேலே படிந்த சேறு பிறகு வந்ததால் அதில் சூட்டுத் தடமே இருக்காது. பசால்ட்டின் மேற்பரப்பிலோ, வாயு வெளியேறிய சிறு துளைகள் நிறைந்திருக்கும். மூன்று முகடுகளும் இப்படித் தரைமேல் ஓடியவைதான். ஆனால் நியூ ஹேவன் நகருக்கு அருகிலுள்ள ஈஸ்ட் ராக், வெஸ்ட் ராக் போன்ற குன்றுகள் பூமிக்குள்ளேயே புகுந்து இறுகியவை.